நேத்து சரியாத்தானே இருந்துச்சு!

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாமா? லேப்ல எக்ஸ்பெரிமென்ட்டே பண்ணாம எத்தனை தடவை ரீடிங் எழுதியிருக்கீங்க? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. பக்கத்து பேட்ச் நோட்டுல 24.6-னு இருந்தா நாம 24.8-னு போடுவோம். எல்லாம் ரொம்ப கரெக்டா வந்தா மேடத்துக்கு சந்தேகம் வரும்னு, வேணும்னே ஒரு ரீடிங்கைத் தப்பாவும் போடுவோம். இந்தக் கலைக்கு டாக்டர் பட்டம் குடுத்தா எங்க டிபார்ட்மென்ட்ல பாதிப் பேர் டாக்டர்தான். நானும்தான்!

அந்தக் கலையை காலேஜுக்கு வெளியே காட்டப் போய், ஒரு நாள் காலையில எனக்கு வேர்த்துக் கொட்டின கதைதான் இந்த வாரம்.

மூணாம் வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற நான், லீவுல இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்காக ஒரகடம் பக்கம் போறேன்னு போன வாரமே சொல்லியிருந்தேன் இல்லையா? அங்கே ஒரு பெரிய குடோன் கட்டி முடிக்கிற கட்டத்துல இருக்கு. (கம்பெனி பேர் வேண்டாமே ப்ளீஸ், எனக்கு இன்னும் சர்ட்டிஃபிகேட் வரலை!) மேலே கூரைக்குக் கீழ லைட் மாட்டுற வேலை ஓடிக்கிட்டிருந்துச்சு. ஏணி வெச்சா எட்டாது, சாரம் கட்டினா நாள் ஆகும். அதனால சிசர் லிஃப்ட்.

பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பழைய பேங்க் வாசல்ல இழுத்து மூடுற இரும்பு மடக்கு கேட் இருக்கும் இல்லையா, பெருக்கல் குறி பெருக்கல் குறியா? அதை நிமிர்த்தி வெச்சு, மேல நோக்கி விரிய விட்டா எப்படியிருக்கும்? அதுதான் சிசர் லிஃப்ட். கீழ நாலு சக்கரம், பேட்டரி, ஹைட்ராலிக் சிலிண்டர். மேல நாலு பக்கமும் கம்பித் தடுப்பு வெச்ச ஒரு மேடை. மேடையில நிக்கிறவரே ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சு ஏத்துவார், இறக்குவார், ஓட்டுவார். எங்க சைட்ல இருந்தது சின்ன மாடல். மேடை 5.8 மீட்டர் வரைக்கும் போகும். மேல 227 கிலோ வரைக்கும் ஏத்தலாம். அகலம் வெறும் 76 செ.மீ. ஆனா எடை ஒரு டன்னுக்கு மேல!

ஒரு சுத்து சுத்தி வா!

தினமும் காலையில அந்த மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு செக்லிஸ்ட் ஃபில்லப் பண்ணணும். மொத்தம் 22 வரி. சுத்தி வந்து பார்த்து டிக் போடறது ட்ரெய்னியான என் வேலை. ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடறது ஆபரேட்டர் அண்ணன் வேலை. கடைசியா சேஃப்டி சார் கையெழுத்து.

முதல் நாள் அண்ணனே கூட வந்து ஒவ்வொண்ணா காட்டினார். திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்க்காரர். பாடம் நடத்துற தோரணையே கிடையாது. ஆனா நாலு நாள்ல அவர்கிட்ட கத்துக்கிட்டதை ஒரு செமஸ்டர்ல கத்துக்கலை.

"சாவியைப் போடறதுக்கு முன்னாடி கண்ணைப் போடும்மா"ன்னார்.

மெஷின் ஆஃப்ல இருக்கும்போதே ஒரு முழுச் சுத்து. டயர்ல வெட்டு இருக்கா, சக்கர நட்டு எல்லாம் இருக்கா, பேட்டரி கேபிள் லூஸா இருக்கா, தரையில எண்ணெய்த் துளி கிடக்கா. கத்தரிக் கை மாதிரி இருக்கிற அந்த இரும்புச் சட்டங்கள்ல வெல்டிங் விட்டிருக்கா, பின் நகர்ந்திருக்கா, மேல கம்பித் தடுப்பு ஆடுதா, நுழையிற கேட் தானா மூடுதா. எத்தனை பேர், எத்தனை கிலோன்னு எழுதின ஸ்டிக்கர் படிக்கிற மாதிரி இருக்கா. மேனுவல் அதோட பெட்டியில இருக்கா.

ஹைட்ராலிக் ஹோஸ்ல கசிவு இருக்கான்னு நான் விரலை நீட்டினேன். "ஏய்... கையை எடு!"ன்னு ஒரு அதட்டு. அட்டைத் துண்டைக் கொண்டு வரச் சொன்னார். பிரஷர்ல இருக்கிற ஹோஸ்ல ஊசி முனை அளவு ஓட்டை இருந்தா, எண்ணெய் கண்ணுக்கே தெரியாம பீய்ச்சி அடிக்கும். அது தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும். வெளியே பார்த்தா ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கேஸ். அதனால கசிவைத் தேட கை கூடாது, அட்டைதான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல தொண்ணூறு மார்க் வாங்கின எனக்கு இது தெரியாது பாஸ்!

கண்ணால பார்த்தாச்சுன்னா அடுத்தது ஓட்டிப் பார்க்கிறது. முதல்ல மேடையில யாரும் இல்லாம, கீழ இருக்கிற பட்டனை வெச்சு ஏத்தி இறக்கணும். சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அமுக்கினா அப்படியே நிக்குதா? பேட்டரி போயிட்டாலோ, மேல இருக்கிறவர் மயக்கம் போட்டுட்டாலோ கீழ இருந்தே இறக்க ஒரு குமிழ் இருக்கு. அதை இழுத்தா மேடை இறங்குதா? "இந்தக் குமிழ் எங்க இருக்குன்னு கீழ நிக்கிற ஒருத்தனுக்காவது தெரியலேன்னா நான் ஏறவே மாட்டேன்"ன்னார் அண்ணன். அப்புறம் மேல ஏறி ஹாரன், பிரேக், ஸ்டீயரிங். ஜாய்ஸ்டிக்கை விட்டதும் நிக்குதா? மேடை கொஞ்சம் உயர்ந்ததும் ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கு நடுவுல தகடு இறங்குதா? சக்கரம் சின்னப் பள்ளத்துல விழுந்தா மெஷின் சாயாம தாங்கிப் பிடிக்கிறது அந்தத் தகடுதான்.

பார்க்கத்தான் பெரிய லிஸ்ட். பழகிட்டா பத்து, பதினஞ்சு நிமிஷம். ஒரு டீ குடிக்கிற நேரம்.

14-வது டிக்

நாலு நாளும் ஒழுங்காப் பார்த்தேன். நாலு நாளும் எல்லாம் ஓ.கே. ஓ.கே. ஓ.கே. அங்கேதான் வினை!

அஞ்சாவது நாள் பஸ் லேட். ஷெட்டுக்குள்ள ஓடினப்போ டூல் பாக்ஸ் மீட்டிங் பாதி முடிஞ்சிருந்துச்சு. மெஷின் வழக்கமான இடத்துல சமர்த்தா நின்னுக்கிட்டிருந்துச்சு. நேத்து சாயங்காலம் விட்ட அதே மெஷின், அதே மூலை. ராத்திரி என்ன ஆகிடப் போகுது? தூண்ல சாஞ்சுக்கிட்டு 22 டிக்கையும் ஒரே மூச்சுல போட்டேன். ரீடிங் எழுதிப் பழகின கை, ஒரு நிமிஷம்கூட ஆகலை. கொஞ்சம் நேச்சுரலா இருக்கட்டும்னு ரெண்டு டிக்கைக் கோணலாவும் போட்டேன்னா பார்த்துக்கோங்க!

அண்ணன் வந்தார். பேப்பரைப் பார்த்தார்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியாம்மா?"

"முடிச்சிட்டேன்ணே."

"14-வது வரியைப் படி."

படிச்சேன். 'மெஷின் போகும் வழியில் பள்ளம், மூடி, சரிவு, தடை எதுவும் இல்லை.' பக்கத்துல என்னோட அழகான டிக்.

"சரி, இன்னைக்கு எந்த வழியா போறோம்?"

எனக்குப் பேச்சே வரலை. அன்னைக்கு எந்தப் பக்கம் வேலைன்னு சொன்னதே மீட்டிங்லதான். நான்தான் பாதியில வந்தவளாச்சே.

"எந்த வழின்னே தெரியாம, வழி ஓ.கே.ன்னு எப்படிம்மா டிக் போட்ட?"

கோபமா கேட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாத்தான் கேட்டார். அதான் வலிச்சுது. 'நேத்து சரியாத்தானே இருந்துச்சுண்ணே'ன்னு முணுமுணுத்தேன். அவர் பதில் சொல்லலை. "வா"ன்னு முன்னாடி நடந்தார்.

அன்னைக்கு வேலை கிழக்குப் பக்கக் கடைசி வரிசையில. மெஷினை அங்கேயே விட்டுட்டு அந்த வழியா நடந்தே போனோம். முக்கால்வாசி தூரம் எல்லாம் பளிங்கு மாதிரி தரை. கடைசித் திருப்பத்துல ஒரு ப்ளைவுட் பலகை கிடந்துச்சு. மேல சிமென்ட் தூசி படிஞ்சு தரை நிறத்துலயே இருந்துச்சு. பக்கத்துல கயிறு கிடையாது, போர்டு கிடையாது. அண்ணன் ஒரு காலை அதோட ஓரத்துல வெச்சு லேசா அமுக்கினார். பலகை 'க்ரீச்'னு வளைஞ்சுது.

தூக்கிப் பார்த்தோம். கீழ கேபிள் போடற கால்வாய். ஒன்றரை அடி அகலம், முழங்கால் தாண்டி ஆழம். முந்தின நாள் ராத்திரி கேபிள் டீம் வந்து இரும்பு மூடியை எடுத்து வேலை பார்த்திருக்காங்க. முடியலை. யாரும் தடுக்கி விழக் கூடாதேன்னு நல்லெண்ணத்துல பலகையைப் போட்டு மூடிட்டுப் போயிட்டாங்க. மனுஷன் நடந்தா ஒருவேளை தாங்கும். ஒரு டன்னுக்கு மேல இருக்கிற மெஷின் போனா? அதுக்கு மேல மேடையில அண்ணன் நின்னுக்கிட்டிருந்தா?

எனக்கு வேர்க்க ஆரம்பிச்சது அப்பதான்.

2 செ.மீ. கணக்கு

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல தூக்கம் வரலை. நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க, ப்ளஸ் டூ ட்ரிக்னாமெட்ரி போதும்.

எங்க மெஷின் பக்கவாட்டுல ஒன்றரை டிகிரி சாய்ஞ்சாலே அலாரம் அடிக்கும், மேல ஏறாது. ஒன்றரை டிகிரிதானா, இதுக்குப் போய் இவ்வளவு பயமான்னு நான் நினைச்சிருக்கேன். 76 செ.மீ. அகலத்துல ஒன்றரை டிகிரி சாயணும்னா ஒரு பக்கச் சக்கரம் எவ்வளவு இறங்கணும்? கிட்டத்தட்ட 2 செ.மீ. அவ்வளவுதான், உங்க கட்டை விரல் அகலம். அதே சாய்வுல 5.8 மீட்டர் உயரத்துல இருக்கிற மேடை பக்கவாட்டுல எவ்வளவு நகரும்? சுமார் 15 செ.மீ. கீழ ஒரு விரல், மேல ஒரு சாண்! அந்தக் கால்வாய் ஆழமோ முழங்காலுக்கும் மேல. அதுக்கான கணக்கை நான் போடலை. போட மனசு வரலை.

தகடு இருக்கே, தாங்காதான்னு கேட்பீங்க. அது சின்னப் பள்ளத்துக்கு. ஒன்றரை அடி கால்வாய்க்கு இல்லை. அதோட மேடை உயர்ந்தாத்தான் அது இறங்கும். மேடையை இறக்கி வெச்சு ஓட்டிப் போறப்போ தகடும் மடங்கித்தான் இருக்கும்.

அவனுக்கும் இருபது வயசுதான்

சேஃப்டி சார் எனக்கு ஒரு கேஸைப் பத்திச் சொன்னார். அப்புறம் நானே தேடிப் படிச்சேன். இது ஃபேக்டரியில நடந்தது இல்லை. காலேஜ்ல நடந்தது.

2010 அக்டோபர் 27. அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல இருக்கிற நோட்டர் டேம் பல்கலைக்கழகம். அங்கே கால்பந்து டீம்னா ஊர்த் திருவிழா மாதிரி. (நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் போட்டு முட்டிக்கிற அமெரிக்கன் ஃபுட்பால்.) டீம் ப்ராக்டீஸ் பண்றதை உயரத்துல இருந்து வீடியோ எடுக்கிற வேலையை ஸ்டூடண்ட்ஸே செய்வாங்க. அன்னைக்கு ஒரு மாணவர் சிசர் லிஃப்ட்ல ஏறி நின்னு வீடியோ எடுத்துக்கிட்டிருந்தார். மூணாம் வருஷம். வயசு 20. அன்னைக்குப் பலத்த காத்து வீசும்னு வானிலை எச்சரிக்கை இருந்துச்சு. மணிக்கு 50 மைலுக்கு மேல, அதாவது 80 கிலோமீட்டருக்கு மேல அடிச்ச ஒரு காத்துல மெஷின் அப்படியே சாய்ஞ்சிடுச்சு. அந்த மாணவர் இறந்துட்டார்.

பொதுவா வெளியில நிறுத்தி ஏற அனுமதி உள்ள சிசர் லிஃப்ட்களுக்கே மணிக்கு 28 மைல், அதாவது 45 கிலோமீட்டர் காத்து வரைக்கும்தான் கணக்கு. சில மாடல்கள் கட்டடத்துக்குள்ள மட்டும்தான், காத்தே கூடாது. காத்து வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்கு. அப்படின்னா 50 மைல் காத்து, 28 மைல் காத்தைப் போல மூணு மடங்குக்கும் மேல தள்ளும்.

அந்த மாநிலத்தோட தொழிலாளர் பாதுகாப்புத் துறை விசாரிச்சு, 2011 மார்ச்சுல பல்கலைக்கழகத்துக்கு 77,500 டாலர் அபராதம் போட்டுச்சு. என்னென்ன தப்புன்னு அவங்க போட்ட லிஸ்ட்டைப் படிச்சப்போதான் எனக்குக் கை நடுங்கிச்சு. மாணவர்களுக்குச் சரியான பயிற்சி குடுக்கலை. மெஷினைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை தகுதியான ஆளை வெச்சுச் சோதிக்கலை. மேனுவல் இல்லை. காத்து எச்சரிக்கை இருந்தும் மேல ஏத்துனது.

நான் தினமும் டிக் போடற அதே வரிகள்! 'மேனுவல் பெட்டியில இருக்கா'ன்னு ஒரு வரி இருக்கு. அதைப் பார்த்து நான் சிரிச்சிருக்கேன். யாரு சார் மேனுவல் படிக்கிறாங்கன்னு.

அந்த விபத்துக்கு அப்புறம் அந்தப் பல்கலைக்கழகம் ஆள் மேல ஏறாம, ரிமோட்ல இயங்குற கேமராவுக்கு மாறிடுச்சு.

அப்புறம் என்ன ஆச்சு?

நம்ம கதைக்கு வருவோம். அண்ணன் என்னைக் காட்டிக் குடுக்கலை. ஆனா தப்பிக்கவும் விடலை. "நீயே போய் சார்கிட்ட சொல்லு"ன்னார். ஷெட்டோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன் பாருங்க... வைவா ஹாலுக்குக்கூட நான் அப்படி நடந்தது இல்லை.

"சார், கிழக்குப் பக்கம் கால்வாய் மேல ப்ளைவுட் கிடக்கு. நான் பார்க்காமலே டிக் போட்டுட்டேன்."

சார் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். என்னோட பேப்பரை வாங்கி குறுக்கே ஒரு கோடு போட்டார். புது பேப்பர் எடுத்துக் குடுத்தார். கால்வாயைச் சுத்தி நாடா கட்டச் சொன்னார். ராத்திரி வந்த டீமைக் கூப்பிட்டு இரும்பு மூடி போட வெச்சார். 'நியர் மிஸ்'னு ஒரு ரிஜிஸ்டர் இருக்கு. அடிபடாம தப்பிச்ச சம்பவங்களை எழுதற நோட்டு. அதுல என்னையே எழுதச் சொன்னார். வேலை ஒரு மணி நேரம் லேட். லைட் மாட்டுற கான்ட்ராக்டர் முகம் கறுத்துச்சு. ஆனா யாருக்கும் எதுவும் ஆகலை.

மறுபடி 22 வரியும் பார்த்தேன். அட்டைத் துண்டோட, குனிஞ்சு, நிமிர்ந்து. அண்ணன் அப்புறம்தான் ஏறினார். ஏறுறப்போ சொன்னார்: "மெஷின் நேத்து நல்லாருந்துச்சுங்கிறது நேத்தைக்குத்தாம்மா. இன்னைக்கு ஏறுறவன் இன்னைக்குத்தானே விழுவான்?"

'தினமும்'கிற வார்த்தைக்கு அர்த்தம் அன்னைக்குத்தான் புரிஞ்சுது. மெஷின் ராத்திரி தூங்கினாலும் அதைச் சுத்தி உலகம் தூங்கலை. யாராவது மூடியைத் திறப்பாங்க. யாராவது கேட்டைக் கட்டுக்கம்பியால கட்டிட்டுப் போவாங்க. யாராவது சார்ஜ் போட மறப்பாங்க. காத்து மாறும். நேத்துப் போட்ட டிக்குக்கு இன்னைக்கு உயிர் கிடையாது.

இதெல்லாம் சைட்ல இருக்கிறவங்களுக்குத்தானேன்னு பக்கத்தைப் புரட்டாதீங்க. கல்ச்சுரல்ஸ் வரும். ஆடிட்டோரியத்துல லைட் கட்டணும், பேனர் தொங்க விடணும்னு வாடகைக்கு ஒரு லிஃப்ட் வந்து நிக்கும். 'மச்சி, ஏறுடா, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு வரலாம்'னு ஒருத்தன் கண்டிப்பா கூப்பிடுவான். பயிற்சி இல்லாம ஏறாதீங்க. ஏறித்தான் ஆகணும்னா பயிற்சி எடுத்த ஆபரேட்டரோட மட்டும். ஏறுறதுக்கு முன்னாடி மூணே கேள்வி கேளுங்க: இன்னைக்கு காலையில இதை யார் செக் பண்ணாங்க? கீழ இருந்து இறக்குற குமிழ் எங்கே இருக்கு? போற வழியை யாராவது நடந்து பார்த்தாங்களா? வெளியிலன்னா நாலாவதா ஒண்ணு, காத்து எப்படி? பதில் வரலைன்னா இறங்கிடுங்க. 'பயந்தாங்கொள்ளி'ன்னு சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

இந்தப் பக்கத்தை எழுதி முடிக்கிறப்போ ட்ரெய்னிங்ல இன்னும் ரெண்டு நாள் பாக்கி. கோடு போட்ட அந்தப் பழைய பேப்பரை சார்கிட்ட கேட்டு ஒரு ஜெராக்ஸ் வாங்கி வெச்சிருக்கேன். 22 அழகான பொய். ஹாஸ்டல்ல என் டேபிளுக்கு மேல ஒட்டப் போறேன்.

அடுத்த செமஸ்டர் லேப்ல உண்மையான ரீடிங்தான் எழுதுவியான்னு கேட்கறீங்களா? ம்... நிச்சயமா முயற்சி பண்றேன். கிராஃப் கோணலா வந்தா மேடம் என்னை மன்னிக்கட்டும்!

அடுத்த வாரம் கேம்பஸுக்குத் திரும்பி வந்து சந்திக்கிறேன். டாட்டா!